எத்திராஜ் எம்.எல்.ஏ.வின் ஐந்து நிமிடப் பேச்சு

"ஏய் தாட்சாயணி, உள்ள போ! உங்க மாமா கெளம்பறாரு. எதுக்கால வந்து நின்னு தொலைக்காத!"

ரத்தினம்மா போட்ட கூச்சலில் தெருவில் காத்திருந்த வண்டிமாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. சமையலறை வாசலில் நின்றிருந்த மருமகள் கையில் ஆறு தாள்கள் இருந்தன. ஆறாவது தாளில் மை இன்னும் ஈரமாக இருந்தது.

"அத்தை, ஒரே ஒரு தபா மாமாவுக்குப் படிச்சிக் காட்டிடறேன். கடைசிப் பக்கம் இப்பதான் எழுதினேன். அத அவரு கேட்டுட்டுத்தான் போவணும்."

"சட்டசபைக்குப் போற மனுசன் வெள்ளிக்கெழம காலைல தாலியறுத்தவ மூஞ்சில முழிக்கணுமா? குடுடி இங்க."

தாள்கள் பறிபோயின. கதவு சாத்தப்பட்டது. "அத்தை, அந்தக் கடைசிப் பக்கம்..." என்று தாட்சாயணி மறுபடியும் வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். வெளியே கற்பூரம் ஏற்றினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், வண்டி நகரி ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது. அந்த ஆறு தாளையும் எழுதிய கை கதவுக்குப் பின்னால் இருந்தது. எழுத்து போகலாமாம், எழுதியவள் முகம்தான் ஆகாதாம். நல்ல சாஸ்திரம்!

அது கர்னூல் ஆந்திரத்தின் தலைநகராக இருந்த காலம். நகரியும் புத்தூரும் தமிழ்நாட்டுக்கா ஆந்திரத்துக்கா என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்தது. எத்திராஜ் அந்தச் சண்டையில்தான் ஓட்டு வாங்கி ஜெயித்தார். எதிர்க்கட்சியில் கடைசி வரிசை. முதல் கூட்டத்தில் தமிழில் பேசினார். சபை பாதி தூங்கியது, பாதி வெற்றிலை போட்டது. தெலுங்கு அவருக்குச் சந்தையில் பேசத் தெரியும். மேடைத் தெலுங்கு வராது, எழுத்து சுத்தமாகத் தெரியாது.

வீட்டிலே ஒருத்தி இருந்தாள். தாட்சாயணி திருப்பதியில் பிறந்து தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். வாழ வந்த இரண்டாம் வருஷமே புருஷன் வெங்கடரமணன் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவளுக்குச் சமையலறையும் மாட்டுக்கொட்டகையும்தான் உலகம். மாமனார் தமிழில் சொல்லச் சொல்ல, அவள் அதை நல்ல தெலுங்காக்கித் தமிழ் எழுத்தில் எழுதித் தருவாள். ஊருக்குப் போகுமுன் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருமுறை படித்தும் காட்டுவாள். இந்தத் தடவை கட்சி ஆபீஸிலிருந்து தந்தி வந்து ஒரு நாள் முன்னதாகவே கிளம்ப நேர்ந்ததால் அது நடக்கவில்லை.

போன கூட்டத்தில்தான் அந்த அவமானம். 'எங்கள் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் பெண் வாத்தியார் ஒருவர்கூட இல்லை' என்று எத்திராஜ் முழங்கினார். மந்திரி எழுந்து, 'நாங்கள் தயார், பெண்கள்தான் வரமாட்டேன் என்கிறார்கள். மதிப்புக்குரிய உறுப்பினர் தம் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்புவாரா?' என்று கேட்டார். சபை கொல்லென்று சிரித்தது. எத்திராஜ் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "அந்தாளுக்குப் பதில் எழுதும்மா. நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்.

அந்த வாரமே தாட்சாயணிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அவள் சத்தமில்லாமல் எழுதிப் போட்டிருந்தாள்; திருப்பதியில் ஆசிரியப் பயிற்சிக்கு அவளை எடுத்திருந்தார்கள். இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். கூட வந்த சேர்க்கை விண்ணப்பத்தில் காப்பாளர் கையெழுத்து வேண்டும். மாமனார் கடிதத்தை அவள் படிக்கக் கேட்டு, வாங்கிப் புரட்டிவிட்டு, "நம்ம வீட்டு மானம்னு ஒண்ணு கீதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமியார் அதற்கும் மேலே போனாள். "ஒல வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா?" என்று மூன்று நாள் மூக்கைச் சிந்தினாள். விண்ணப்பம் அரிசிப் பானைக்கு அடியில் போயிற்று.

பதினேழாம் தேதி மத்தியானம் கட்சிக்காரர் கிருஷ்ணப்பா கையில் பேப்பரோடு ஓடி வந்தார். கர்னூலுக்குக் கூடப் போனவர் அவர்தான்.

"ரத்தினக்கா! நம்மாளு கலக்கிட்டாரு! பேப்பர்ல பேரு வந்துகீது பாரு!"

தாட்சாயணி கதவிடுக்கில் நின்று கேட்டாள்.

"மந்திரி போன தபா கேட்டாரே, அதுக்குப் பதில் சொன்னாரு பாரு! 'என் வீட்டிலேர்ந்தே அனுப்பறேன். புருசன இழந்த என் மருமவ இந்த மாசம் இருபதாம் தேதி திருப்பதியில பயிற்சிக்குச் சேர்றா. இனிமேலு பொம்பளைங்க வரலன்னு இந்த சபையில யாரும் சொல்லக்கூடாது'ன்னு போட்டாரு ஒரு போடு! மேசைய தட்டறாங்க, தட்டறாங்க, ஓயல. மந்திரியே எழுந்து கும்பிட்டாரு. சபாநாயகரு அஞ்சு நிமிசம் ஆயும் மணியடிக்கவே மறந்துட்டாரு!"

சற்று நேரத்தில் எத்திராஜ் வந்தார். கழுத்தில் மூன்று மாலை. வாசலில் கூடியவர்களைப் பார்த்துச் சிரித்தார், பல்வலிக்காரன் சிரிப்பு. எல்லாரும் போகும்வரை பொறுத்திருந்து கதவைச் சாத்தினார். மாலைகளைக் கழற்றி மூலையில் எறிந்தார்.

"வாம்மா வெளிய. இன்னா வேலை செஞ்ச நீ?"

தாட்சாயணி வந்து நின்றாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கட்சி ஆபீஸ்ல ஒரு நிமிசம் விடல, முன்னாடி பாக்கவே இல்ல. சபையில நான் படிச்சிக்கினே போறேன். வாய் சொல்லிட்டப்பறம்தான் காதுக்கு இன்னா சொன்னேன்னு வெளங்குது. அதுக்குள்ள மேசைய தட்டறானுங்க. நடுவுல நிறுத்தி, இது என் வார்த்தை இல்லன்னா சொல்ல முடியும்? குடியக் கெடுத்துட்டியே!"

"படிச்சிக் காட்டத்தான் மாமா கேட்டேன். அதக் கேட்டுட்டு நீங்க வேணாம்னா கிழிச்சிப் போட்டிருப்பேன். என் மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னு கதவ சாத்திட்டாங்க."

எத்திராஜ் பெண்டாட்டியை முறைத்தார். ரத்தினம்மா, "எனக்கு இன்னா தெரியும்? அதுல எழவ எழுதி வச்சிருக்கான்னு கண்டனா?" என்று முனகிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். சகுனம் பார்த்துப் பார்த்து இந்த வீடு தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. அதை அந்த அம்மாளிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

எத்திராஜ் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். சபையில் பேசியதைச் சுருக்கெழுத்துக்காரர்கள் எடுத்துத் தெலுங்கில் எழுதித் தருவார்கள். உறுப்பினர் பிழை திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பினால் அது சபை நடவடிக்கைப் புஸ்தகத்தில் ஏறும். அதையும் இதுவரை திருத்தி வந்தது தாட்சாயணிதான்.

"பேப்பர்காரன் தப்பா போட்டுட்டான்னு சொல்லிக்கலாம். புஸ்தகத்துல ஏறக்கூடாது. அந்த வரிய அடிச்சிடு."

சிவப்புப் பென்சிலை நீட்டினார். தாட்சாயணி வாங்கவில்லை.

"நான் அடிக்க மாட்டேன் மாமா."

"இன்னா சொன்ன?"

"நீங்க சபையில சொன்னது. நீங்களே அடிங்க."

எத்திராஜ் தாள்களைப் பரப்பினார். முதலிலிருந்து கடைசிவரை சுருள் சுருளான எழுத்து. மந்திரி பேச்சு எது, தன் பேச்சு எது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒரு தாளில் பென்சிலை வைத்தார், எடுத்தார், அடுத்த தாளில் வைத்தார்.

"எந்த வரி?"

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தாட்சாயணி, கேக்கறேன் இல்ல? எந்த வரிம்மா?"

ஊரில் தெலுங்கு படித்த வாத்தியார் இருந்தார், கணக்கப்பிள்ளை இருந்தார். யாரிடமாவது கொண்டுபோய்க் காட்டினால், எம்.எல்.ஏ. தன் பேச்சைத் தானே படிக்கத் தெரியாதவர் என்பது பொழுது சாய்வதற்குள் புத்தூர்வரை போய்விடும். எத்திராஜ் பென்சிலைக் கீழே போட்டார். கோபம் வடிந்து, முகம் ஒரு கிழவன் முகமாக ஆகிவிட்டது.

"நீ போயிட்டா அடுத்த கூட்டத்துக்கு எனக்கு யாரும்மா எழுதுவாங்க?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தாட்சாயணி நிமிர்ந்து பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் மாமனாரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அப்போ மானம் இல்ல. ஊர் வாய் இல்ல. சாஸ்திரமும் இல்ல. இதானா மாமா?"

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ரத்தினம்மா புருஷனையே பார்த்தாள். இந்தப் பெண்ணை இத்தனை நாள் கதவுக்குப் பின்னால் தள்ளியது தன் கை. மானம் என்று அவர் சொன்னதெல்லாம் எழுத ஆள் வேண்டும் என்பதற்குத்தான் என்று அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கே அசிங்கமாக இருந்தது. அவள் சமையலறைக்குள் போய், அரிசிப் பானையை நகர்த்தி, விண்ணப்பத்தைக் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள்.

"போடுங்க" என்றாள்.

அவர் பேனாவைத் திறந்தார். 'காப்பாளர்' என்ற இடம் எது என்று தெரியாமல் தேடினார். தாட்சாயணி விரலை வைத்துக் காட்டினாள். இந்த வரியை அவள் காட்டினாள். அங்கே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த கூட்டத்துல நான் இன்னாதான் பேசறது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

தாட்சாயணி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

"தமிழ்ல பேசுங்க மாமா. யாரும் கேக்கலன்னாலும் அது உங்க பேச்சா இருக்கும்."