புலிவண்டுக் கொடிகள்

விமலேஸ்வரி மிஸ், ராஜினியைக் "கெட்டிக்காரி" என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு சொல் மூன்று நாளாகச் சாரங்காவின் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது.

பின்னே குத்தாதா? விலங்கியலில் பட்டம் வாங்கியவள் சாரங்கா. புலிவண்டுக் கணக்கெடுப்புக்கு மிஸ் ஸ்கந்தபுரம் வந்த நாள் முதல் வெயிலில் கருகியவளும் அவள்தான். ராஜினியோ இதே குளத்தடியில் மாடு மேய்த்தவள், போன மாதம்தான் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தவள். அடுத்த வருசத்துக்கு ஒருத்திக்குத்தான் வேலை. எவளுடைய இடத்தில் வண்டுப்புழு கூடவோ, அவளுக்கு!

வற்றிய குளத்தின் ஈர மணலில் இருவரும் ஆளுக்கொரு சதுரம் பிடித்து, மூலைக்கொரு அடையாளக் கொடி நட்டிருந்தார்கள். பச்சையாய் மின்னி ஓடும் வண்டுகளை எண்ண முடியாது, கிட்டப்போனால் பறந்துவிடும். எண்ண வேண்டியது அவற்றின் புழுக்களை. நேரே கீழிறங்கும் பொந்தின் வாயைத் தலையால் அடைத்துக்கொண்டு, எறும்பு வரட்டும் என்று காத்திருக்கும் புழுக்கள்.

வியாழன் மத்தியானம் ராஜினி சாப்பிடப் போனாள். சாரங்கா விறுவிறுவென்று நடந்துபோய் அவளுடைய நாலு கொடிகளையும் பிடுங்கி, நாற்பது அடி தள்ளி நட்டாள். அங்கே பொந்துகள் நிறைய இருந்தன. ஒன்றிலும் தலை இல்லை, எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. 'வெறும் பொந்தை எண்ணடி, கெட்டிக்காரி!'

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. காலடி அதிர்ந்தால் புழு அடிக்குப் போய்விடும் என்று அவள் படித்ததெல்லாம் அந்த வயிற்றெரிச்சலில் எங்கே போனதோ!

வெள்ளி காலை ராஜினி அசையாமல் அரைமணி நேரம் குந்தியிருந்தாள். தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. அறுபத்தொன்று. சாரங்காவின் சதுரத்தில் பத்தொன்பது.

ராஜினி வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நேற்று நீங்க கொடி மாத்தினதைக் குளக்கட்டில நிண்டு பாத்தனான். என்ரை இடத்தில ஒண்டும் இல்லையெண்டுதானே நல்ல இடத்தில நட்டுவிட்டனீங்க? மிஸ்ஸிட்டயும் சொல்லிட்டன்."

பின்னால் வந்த மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாரங்காவை உற்றுப் பார்த்தார்.

"அவ்வளவு நல்ல இடமெண்டு தெரிஞ்சும், அதை நீர் ஏன் எடுக்கேல்லை?"

சாரங்கா கால் மாற்றி நின்றாள். சுற்றியிருந்த அத்தனை தலைகளும் பொந்துக்குள் இறங்கிவிட்டன. அவளுக்குத்தான் புக இடமில்லை.