மடிக்கிற மேசை

பனியன் கம்பெனியில் மடித்து மடித்து மருதாளுக்கு இரண்டு கையும் கழன்று விழுவதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பதற்குள் புருஷன் ஆறுச்சாமி இங்கிலீஷ் கைடோடு உட்கார்ந்துவிட்டான். மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழில் இருப்பதை அவன் படிப்பான், அவள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும்.

"பீடியை விட்டுட்டான்."

"கிவ் அப்."

"பஸ்ல எந்திரிச்சு எடங் குடுத்தான்."

"அதுவும் கிவ் அப்புத்தானுங்க."

"போலீஸ்ல சரணடஞ்சான்? டாக்டரு கைய விரிச்சுட்டாரு?"

"எல்லாத்துக்கும் அதேதானுங்க."

"ஏம்புள்ள, வெள்ளைக்காரனுக்கு வார்த்தைக்கு அவ்வளவு பஞ்சமா?"

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. இந்த அக்டோபரில் தேறினால் டீச்சர் டிரெய்னிங் போகலாம். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், பிறகு ஆயுசுக்கும் பஞ்சுத் தூசிதான்.

அக்டோபர் என்றால் தீபாவளி. கம்பெனிக்குத் தலைபோகிற அவசரம் அப்போதுதான். பரீட்சைக்கு முந்தின நாள் மேஸ்திரி திருமூர்த்தி கறாராகச் சொல்லிவிட்டார். "மேசையில ஆளில்லீன்னா லோடு போவாது கண்ணு. நாளைக்கு வராட்டி வேற ஆள வெச்சுக்குவேன்."

"பரீட்சைய விட்டுடறேனுங்க" என்றாள் புருஷனிடம். அலுப்பில் அழுகைகூட வரவில்லை. அவன் அதே கம்பெனிக்கு நைட் ஷிப்டில் தைக்கப் போய்விட்டான்.

விடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கெளம்பு புள்ள. உன்ற மேசையில நான் உக்காந்துக்கறேன். மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன்."

"டெய்லரு போயி பொம்பளைககூட மடிக்கிறதா? கம்பெனியே சிரிக்குமுங்க."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். தைக்கறவனுக்கு மடிக்கத் தெரியாதா?"

தெரியாதுதான். பரீட்சை முடிந்து மருதாள் நேராகக் கம்பெனிக்கு ஓடினாள். வாசலிலேயே கூட மடிக்கிற வேலாத்தாள் பிடித்துக்கொண்டாள். "உன்ற ஊட்டுக்காரரு மடிச்சதையெல்லாம் நாங்க உதறித் திருப்பி மடிச்சோம் போ! டெய்லருக அவர 'ஆறுச்சாமியக்கா'ன்னு கூப்புட்டு உசுர வாங்கிட்டாங்க."

பெண்கள் வரிசைக்கு நடுவே, தலையெல்லாம் பஞ்சோடு, அவளுடைய ஸ்டூலில் அவன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். அவள் தோளைத் தொட்டதும் விழித்தான்.

"அந்தக் கிவ் அப்பு கேட்டானா?"

"கேட்டானுங்க. எடங் குடுத்ததை எழுதினேன்."

இப்படி ஒரு மனுஷன் தனக்கு வாய்த்தானே என்று மனசு பொங்கியது. "எந்திரிங்க, இனி நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. அதற்குள் மறுபடி தூங்கிப்போயிருந்தான். மருதாள் அவனை எழுப்பாமல் பக்கத்தில் நின்றபடியே மடிக்கத் தொடங்கினாள்.