அடுத்தடுத்த கட்டில்கள்

அஸ்மத்துன்னிசா மார்பிலிருந்த கட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. அது புண்ணாகி ரவிக்கையில் கசிந்த பிறகுதான் தங்கை வஜீஹாவுக்குத் தெரிந்தது. கோடம்பாக்கம் ஸ்டுடியோவில் இருவரும் நடிகைகளுக்கு உடை தைத்துவந்தார்கள். வஜீஹா தையலை விட்டுவிட்டு அக்காவை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

அடுத்த கட்டிலில் மயிலாப்பூர் டீச்சர் காமாக்ஷி. அதே வயது, அதே நோய். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்படிம்மா சீக்கிரமாத் தெரிஞ்சுது?" என்று வஜீஹா கேட்டாள்.

"என் நாத்தனார் நீரஜா டாக்டர். ஆத்துலயே படுக்க வெச்சு அமுக்கிப் பாத்தா. கோலிகுண்டு அளவுதான் இருந்தது. உடனே அழைச்சுண்டு வந்துட்டா."

அக்காவுக்கும் ஒருநாள் அந்த அளவில்தான் இருந்திருக்கும் என்று வஜீஹா நினைத்தாள். அது நெஞ்சில் முள்ளாய் நின்றது. அஸ்மத்துன்னிசா அந்த ரம்ஜானைப் பார்க்கவில்லை. 1974 அது.

அக்காவுக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்ததும் வஜீஹா அபிராமபுரத்தில் நீரஜாவின் கிளினிக்குக்குப் போனாள்.

"வடபழனில எங்க தெருவுக்கு வந்து பொம்பளைங்களப் பாக்கணும் டாக்டரம்மா."

"நோய் இருக்கறவாளை இங்க அனுப்பும்மா, பாக்கறேன்."

"நோவு இல்லாதப்ப யாரு பஸ் ஏறி வருவாங்க? எங்க அக்காவுக்கு வலிக்கவே இல்ல. ஆம்பள டாக்டருகிட்ட எப்படிக் காட்டுறதுன்னு மறைச்சிக்கினே இருந்துச்சு. உங்க வூட்ல டாக்டர் கீறாங்க. எங்க வூட்ல யாரு கீறாங்க?"

நீரஜா மேஜையிலிருந்த டைரியைப் புரட்டினாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரேன். நீ எல்லாரையும் கூப்பிட்டு வை" என்றாள்.

ஞாயிறன்று நீரஜா காமாக்ஷியையும் அழைத்துவந்தாள். வஜீஹா முன்னறையில் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தாள். ஒருத்தியும் வரவில்லை. செத்தவள் வீட்டுக்குப் போனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொல்ல, பெண்கள் குழாயடியிலேயே நின்றார்கள்.

வஜீஹா அங்கேயே போனாள். "எங்க அக்கா நோய் ஒட்டியா செத்துச்சு? வாயத் தொறக்காம செத்துச்சு!"

பின்னாலேயே வந்த காமாக்ஷி கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, "எனக்கு ஒரு பக்கம் எடுத்துட்டா. உசிரோட உங்க முன்னாடி நிக்கறேன். ஸ்கூலுக்குப் போயிண்டிருக்கேன்" என்றாள்.

எதிர்வீட்டுத் தங்கம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு முதலில் வந்தாள். மற்றவர்களும் தொடர்ந்தார்கள். தங்கத்தின் இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி நீரஜாவின் விரலுக்குத் தட்டுப்பட்டது.

அவள் புருஷன் மண்ணாங்கட்டி ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "வலியே இல்லன்றா. எதுக்கு அறுக்கணும்?"

"வலிக்கட்டும்னுதான் எங்க அக்காவும் காத்துக்கினு இருந்துச்சு. அதோட மையத்தத் தூக்கிக்கினு போனப்ப நீயும்தானே தோள் குடுத்தே, அண்ணே?"

மறுநாள் காலை அவனே ரிக்‌ஷா கூட்டிவந்தான்.

கட்டி புற்றுதான்; ஆனால் பரவியிருக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து தங்கம் வீடு திரும்பிய அன்று வஜீஹா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா இறந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

அடுத்த மாதம் நீரஜா வந்தபோது பக்கத்துத் தெருப் பெண்களும் வாசலில் காத்திருந்தார்கள்.