விமானம் இறங்குவதற்குள்

மருதாசலம் டெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினான்.

"ஏனுங்க, மெட்ராஸ் பிளேன் எறங்கிருச்சுங்களா?"

பீளமேடு ஏரோடிராமிலிருந்து பேசியவருக்குக் காலையிலிருந்து இதே கேள்விதான் போலிருக்கிறது. குரலில் சலிப்பு இருந்தது. மெட்ராஸில் விடாத மழை. பத்தரைக்கு இங்கே இறங்க வேண்டிய விமானம் அங்கிருந்தே கிளம்பவில்லை. ஒரு மணிக்கு மேல் கேட்டுப் பாருங்கள் என்றார்.

"அப்படீங்களா? நெம்ப சந்தோசமுங்க."

நூல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்த ராசப்பன் நிமிர்ந்து பார்த்தார். திருப்பூரை ஒட்டிய நல்லூரில், அந்தப் பக்கத்துக்கே அவர் பனியன் கம்பெனியில்தான் டெலிபோன்.

"என்னப்பா, சந்தோசங்கறே?"

"இல்லீங்ணா. வாய் தவறி வந்துருச்சுங்க. பிளேன் லேட்டாமுங்க."

"தூக்கமில்லாம உனக்குப் புத்தி பெரண்டு போச்சு. ஊட்டுக்குப் போ. பெரியவன் வந்து ஒருக்கா மூஞ்சியப் பார்க்கற வரைக்கும் அந்த உசுரு நிக்கோணும். நானும் முருகனைத்தான் கும்பிட்டுட்டிருக்கறேன்."

நல்லூரில் தெரிந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருதாசலம் ஒருவன் மட்டும் மாற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணனின் விமானம் இறங்குவதற்குள் அப்பா செத்துவிட வேண்டும்.

அவனுக்கு வேறு வழியில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவன் அப்பாவைக் கொன்றாகிவிட்டது. தந்தி ஆபீசில் வைத்து.

அப்பா நாச்சிமுத்து ஒரு கையும் ஒரு காலும் விழுந்து படுத்து இரண்டு வருஷம். இந்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறை டாக்டர் கைவிரித்தார். இரண்டு முறையும் மருதாசலம் கல்கத்தாவுக்குத் தந்தி அடித்தான். இரண்டு முறையும் அண்ணன் தண்டபாணி கடையைப் பூட்டிவிட்டு நாள் கணக்கில் ரயிலில் உட்கார்ந்து வந்து சேர்ந்தான். வந்து பார்த்தால் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கம்மஞ்சோறு தின்றுகொண்டிருந்தார். இரண்டாம் முறை திரும்பிப் போகும்போது, ரயிலடியில், ஜட்காக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தண்டபாணி தம்பியிடம் சொன்னான்.

"இனிமே செத்தா மட்டும் தந்தி அடி. சாகறாரு, சாகப்போறாருன்னு இன்னொருக்காக் கூப்பிட்டயின்னா உன்ற பனியன் ஒரு டஜன்கூட என்ற கடைக்கு வரப்படாது. பார்த்துக்க."

மருதாசலத்தின் ஆறு பனியன் மிஷினும் ஓடுவது கல்கத்தாவில் அந்த ஒரு கடை இருப்பதால்தான். அண்ணன் கையை உதறினால் ஆறு மிஷினையும் சாக்குப் போட்டு மூடிவிட்டு எவன் கம்பெனியிலாவது கூலிக்குப் போய் நிற்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வெளியே வந்து, இந்த ராத்திரி தாண்டாது என்றார். மருதாசலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தந்தி ஆபீசுக்குப் போனான். சீரியஸ் என்று அடித்தால் அண்ணன் வர மாட்டான். எப்படியும் விடிவதற்குள் போய்விடப் போகிறவர். ஒரு ராத்திரி முன்னால் பின்னால் என்பதில் என்ன இருக்கிறது? செத்தவரைப் பார்த்து எவனும் மணி கேட்பதில்லை. அண்ணன் ரயிலேறினால் வந்து சேர வெள்ளிக்கிழமை ஆகும், காரியத்துக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். 'அப்பா இறந்துவிட்டார். உடனே வரவும்.'

புதன்கிழமை விடிந்தபோது அப்பா கண்ணைத் திறந்து காப்பி கேட்டார்.

மத்தியானம் கல்கத்தாவிலிருந்து பதில் வந்தது. 'விமானத்தில் வருகிறேன். நான் வரும்வரை சவத்தை எடுக்காதே.' அவர்கள் வம்சத்தில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை. அப்படி ஒரு வழி இருப்பதே மருதாசலத்தின் நினைப்பில் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குப்பாயி தந்தியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் என்றான். காகிதத்தை மனைவி ஆயம்மாளிடம் கொடுத்தான். அவள் அதை அடுப்பில் போட்டாள். பொய் அவர்கள் இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்று வியாழக்கிழமை. மருதாசலம் வீட்டுக்குள் நுழைந்தபோது குப்பாயி கட்டிலருகே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். சுவரோரம் நாலைந்து பெண்கள்.

"ஏரோப்ளேன் வந்துருச்சா சாமி?"

"இல்லீங்க்கா. மெட்ராஸ்ல மழையாமுங்க."

"அட கெரகமே. இவரு மூச்சு பெரியவருக்குத்தான் ஓடிட்டிருக்குது. நேத்தே தெரிஞ்சு போச்சல்லோ."

நேற்று விடிகாலை, காப்பி கேட்பதற்கு முன்னால், அப்பா இழுத்துக்கொண்டு கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், எந்த ஆசையில் உயிர் நிற்கிறது என்று அறியக் குப்பாயிதான் எல்லாம் செய்தாள். வீட்டு மூலையில் மண் எடுத்துக் கரைத்து ஒரு சொட்டு ஊற்றினாள். மண்ணாசை இல்லை. தன் மோதிரத்தைப் பாலில் உரசி ஊற்றினாள். பொன்னாசையும் இல்லை. அப்புறம், உழைச்ச மனுசன், மிஷினாசையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, பக்கத்துக் கொட்டகையில் ஆறு மிஷினையும் ஓட்டச் சொன்னார்கள். அப்பா சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு கோணிய வாயால் சொன்னார்:

"மூணாவது மிசின்ல ஊசி ஒடஞ்சிருக்குது. நிறுத்தச் சொல்லு."

போய்ப் பார்த்தால் உடைந்துதான் இருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருதாசலம் கொல்லைப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

ஒரு மணிக்கு மறுபடியும் ராசப்பன் கம்பெனிக்குப் போனான். இன்றைக்கு விமானம் இல்லை என்றுவிட்டார்கள். "நாளைக்குக் காலையில பாருங்க. உங்க அண்ணன் மட்டுமில்லீங்க, சிங்கப்பூர் போறவங்க, கொழும்பு போறவங்க எல்லாம் மெட்ராஸ்ல தரையில துண்டை விரிச்சுப் படுத்திருக்காங்களாம்" என்றார் ஏரோடிராம்காரர். மருதாசலம் இந்த முறை வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு, "அப்படீங்களா" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து, இரண்டு நாளில் முதல் தடவையாக வட்டிலில் சோறு போடச் சொன்னான். கொள்ளுப் பருப்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆயம்மாள் அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையற்கட்டுக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவில் மறைப்பு ஒரு தட்டிதான்.

"நாளைக்குக் காத்தால வரைக்கும் நேரமிருக்குது" என்றான்.

"இப்பத்தான் ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாருங்க."

"எதுக்குக் குடுத்தே?"

"கேட்டாருங்க."

"கேட்டாலும் இனிமே குடுக்க வேண்டாம்."

அவள் கஞ்சி டம்ளரை எடுத்துப் போய்க் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

இரண்டு மணிக்குக் கம்பவுண்டர் ஊசி போட வந்தார். எதற்கு இனிமேல் உடம்பை வதைக்க வேண்டும் என்று மருதாசலம் வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பினான். கம்பவுண்டர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டே முக்காலுக்கு ராசப்பனே சைக்கிளில் வந்து இறங்கினார். வேர்த்து விறுவிறுத்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"மழை உட்டிருச்சாம்பா! பிளேன் கெளம்பிருச்சு! இப்பத்தான் போன் வந்துச்சு. நாலு மணிக்கு பீளமேட்டுல எறங்கிரும். என்ற காரை அனுப்பிச்சுட்டேன். அஞ்சே காலுக்கு உன்ற அண்ணன் இங்க நிப்பான், பாரு!"

பெண்கள் முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குப்பாயி அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"பெரியவரு வர்றாருங்க. உங்களப் பார்க்க வானத்துல வர்றாருங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமி."

அப்பா கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து கர் கர் என்று இழுத்துக்கொண்டிருந்த மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. "பார்த்தீங்களா, மகன் பேரைச் சொன்னதுக்கே எப்படித் தெளியறாரு" என்றாள் குப்பாயி.

மருதாசலமும் பார்த்தான். இன்னும் இரண்டு நாள்கூடத் தாங்கும் மூச்சு அது.

அறையில் காற்றே இல்லை, எல்லோரும் கொஞ்சம் வாசலில் இருங்கள், அண்ணன் வருவதற்குள் முற்றத்தையும் கூட்ட வேண்டும் என்றான். எல்லோரும் எழுந்து போனார்கள். வாசலில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது. அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அப்பாவுக்குக் கண்ணில் பூ விழுந்து வருஷம் ஆகிவிட்டது. வெளிச்சத்தில் ஆள் இருப்பது தெரியும், யார் என்று தெரியாது. குரலை வைத்துத்தான் பேசுவார். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல். சின்ன வயதில் இருட்டில் நின்று அதை வைத்து இரண்டு பேரும் அப்பாவை எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கிறார்கள்.

வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். குனிந்தான்.

"அப்பா. நான் தண்டபாணி. வந்துட்டனுங்க."

நல்லாயிருந்த கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து தேடியது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"வந்துட்டயா கண்ணு."

"வந்துட்டனுங்க. இனிமே ஒரு வெசனமும் வேண்டாம். நீங்க நிம்மதியாப் போங்க."

அப்பா அவனை இழுத்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் மிச்சம் இருக்குமென்று மருதாசலம் நினைக்கவில்லை. அவன் காது அவர் வாய்க்கு நேராக வந்தது.

"என்னையக் கூட்டிட்டுப் போயிரு. இவங்கிட்ட உட்டுட்டுப் போயிராத."

"ஆருகிட்டங்க?"

ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"சின்னவங்கிட்ட. கஞ்சி குடுக்க வேண்டாங்கறான்." மூச்சு வாங்கியது. "எனக்குக் காது கேக்குது கண்ணு."

மருதாசலம் கையை எடுக்கப் பார்த்தான். முடியவில்லை.

"உட்டுட்டுப் போயிராத" என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக அவன் காத்திருந்தான். வாசலில் யாரோ குடத்தைக் கீழே வைத்தார்கள். ஒரு கோழியை விரட்டினார்கள். மூச்சு வரவில்லை.

நிமிர்ந்தபோது தட்டி ஓரத்தில் ஆயம்மாள் நின்றிருந்தாள். எப்போதிருந்து நிற்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவள் கட்டிலருகே வந்து குனிந்து, அவன் மணிக்கட்டிலிருந்து மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"எல்லாத்தையும் கூப்பிடுங்க" என்றாள்.

மணி மூணே முக்கால்.

ஐந்து இருபதுக்கு ராசப்பனின் கார் சந்து முனையில் வந்து நின்றது. தண்டபாணி இறங்கினான். கசங்கிய சட்டை, மூன்று நாள் தாடி. கையில் பெரிய காகிதப் பொட்டலம். பிணத்துக்கு இரண்டு நாள் ஆகியிருக்குமே, வாசனை தாங்காதே என்று மெட்ராஸில் கட்டுக் கட்டாக ஊதுபத்தியும் சாம்பிராணியும் வாங்கி வந்திருந்தான். அவன் வாசலில் கால் வைத்ததும் குப்பாயி மார்பில் அடித்துக்கொண்டு அவன் முன்னால் விழுந்தாள்.

"ஒரு ஒன்றரை மணி நேரம் முந்தி வந்திருக்கப்படாதா சாமி! உங்க பேரைச் சொன்னதும் கண்ணு முழிச்சுப் பார்த்தாரே! உசுரப் புடிச்சு வெச்சுக்கிட்டுக் கெடந்தாரே!"

தண்டபாணி நின்றான்.

"எப்போ?"

"இப்பத்தானப்பா. மூணே முக்காலுக்கு" என்றார் ராசப்பன்.

பொட்டலத்தை யாரோ அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவன் கட்டிலருகே மண்டியிட்டு, அப்பாவின் பனியனுக்குள் கையை விட்டு நெஞ்சின்மேல் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே தலையை மட்டும் திருப்பித் தம்பியைப் பார்த்தான்.

"நேத்துப் பொழுதோட மெட்ராஸ்ல எறங்கிட்டண்டா" என்றான். அவனுக்கு மட்டும் கேட்கும் குரல். "ராத்திரி ரயிலேறியிருந்தா விடியறப்போ திருப்பூர். செத்தவருதானே, என்ன அவசரம்னு பிளேனுக்குப் படுத்துக் கெடந்தேன்."

மருதாசலம் தரையைப் பார்த்தான்.

"இனிமே உன்ற பனியன் ஒரு டஜன்கூட என்ற..."

அதற்குள் ராசப்பன் குறுக்கே வந்து தண்டபாணியின் தோளில் கை வைத்தார். அவருக்குத் தந்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"மனசை உட்றாத தண்டபாணி. நீ வந்துட்டதா நெனச்சுக்கிட்டுத்தான் போயிருக்கறாரு. மருதாசலம் கையப் புடிச்சுக்கிட்டு, உங்கிட்டப் பேசற மாதரயே பேசுனாராம். தம்பி இப்பத்தான் சொன்னான்."

தண்டபாணி ராசப்பனை நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சொன்னாரு?"

வாசலில் அழுகை நின்றுவிட்டது. எல்லோரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அண்ணனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த ஆயம்மாளும் டம்ளரோடு அப்படியே நின்றாள்.

மருதாசலம் ஆயம்மாளைப் பார்க்காமல் சொன்னான்.

"'தம்பியக் கைவிட்டுராத கண்ணு'ன்னு சொன்னாருங்ணா."

தண்டபாணி ஒரு கையை அப்பாவின் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் தம்பியின் பிடரியைப் பிடித்து இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, குழந்தைபோல ஓவென்று அழுதான். பெண்கள் மறுபடியும் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். ராசப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆயம்மாள் அண்ணன் தம்பிகளைச் சுற்றிக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அண்ணனுக்கென்று கொண்டுவந்த டம்ளரை மாமனாரின் உதட்டருகே சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. தாடையைக் கட்டியிருந்த துணியை நனைத்துக்கொண்டு கழுத்தில் வழிந்தது. அவள் நிறுத்தவில்லை.