சித்தப்பாவின் இருபது சுற்று

அந்தச் சனிக்கிழமை காலை, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சித்தப்பா ஒவ்வொரு வீட்டு டிவியிலிருந்தும் இரண்டு பேராக இறங்கினார். ஒருவராக இறங்குவது வழக்கம்தான். இரண்டு கட்டடங்கள் கொண்ட அந்தக் குடியிருப்பின் கீழ்த்தள அறையில் கேமரா முன் நின்று அவர் கையைத் தூக்கினால், அந்தச் சேனல் வேண்டும் என்று கேட்ட வீடுகளுக்கு மட்டும் வீட்டுக்கொருவராகக் கேபிள் வழியே போவார். குனிந்து நிமிரச் சொல்லி, கொடுத்த தேநீரைக் குடித்து, நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாரும் ஒரே ஆளாகித் திரும்பிவிடுவார். அன்று இருவராக வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு சித்தப்பாவின் தோளில் தொங்கினார்கள். தேநீர்தான் பற்றவில்லை.

நிகழ்ச்சி முடிந்தும் அவர் திரும்பவில்லை. வீடுகளில் புதுப்புதுச் சித்தப்பாக்கள் வந்திறங்கிக்கொண்டே இருந்தார்கள். அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள் அவருடைய அண்ணன் மகள். ஒயர்க்காரி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஒரே வீட்டுக்கு இரண்டு கட்டடத்து ரவுட்டர்களும் போட்டிபோட்டு அனுப்புகின்றன என்று முதலில் நினைத்தாள். அப்படியானால் இருவரும் ஒரே வயதாக இருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது ஆளுக்கு நரை கொஞ்சம் குறைவு. உடனே வீடு வீடாகப் போய் வயது கேட்டாள். ஒருவர் அறுபத்துநாலு என்றார், பின்னால் வந்தவர் அறுபத்திரண்டு, அதற்கும் பின்னால் வந்தவர், "அறுபதுதான் ஆகுது, இப்பவே எதுக்குக் கேக்கற?" என்றார். கடந்துபோகும் ஒருவரிடம் ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு வயதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒழுங்காகத் திரும்பினால் கொடுத்துவிடும், இல்லையென்றால் இல்லை. வழி தவறியவர்கள் காலத்துக்கும் சுற்றாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. இரண்டிரண்டாகக் குறைகிறதென்றால் இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறார். குடியிருப்புச் செயலாளர் "ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்" என்று வற்புறுத்தி முந்தின நாள் கட்டடங்களுக்கிடையே இன்னொரு கேபிள் இழுக்கவைத்திருந்தார். அவசரத்தில் ஒயர்க்காரி, ஒளிபரப்பு அறை எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது என்று இரண்டு ரவுட்டர்களுக்குமே சொல்லிவைத்துவிட்டாள். இரண்டும் சித்தப்பாவை மாற்றி மாற்றித் தள்ளிவிட, அவர் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தார். வயது பூஜ்யமானால் ஆளே இருக்கமாட்டார்.

சித்தி டிவி முன் உட்கார்ந்து சுற்றுக்குச் சுற்று புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதில் முட்டி வலி போனது, நடையில் வேகம் வந்தது, சுற்றும் சீக்கிரம் முடிந்தது. நாற்பதில் முடி திரும்பியது. முப்பத்துநாலில் சித்திக்கு வெட்கமாகிவிட்டது. அப்புறம்தான் பயம் பிடித்தது.

"இருபத்தாறுக்குக் கீழ விட்றாதடி. நாங்க பாத்துக்கிட்டதே அந்த வயசுலதான். அதுக்கும் கீழ போனா அவருக்கு என்னைத் தெரியாது" என்று ஒயர்க்காரியிடம் ஓடினார்.

கேபிளைப் பிடுங்க முடியாது. ஆள் உள்ளே இருக்கிறார். வருபவர் வந்த வழி ஒளிபரப்பு அறைக்குத் திரும்பிப்போகும் வழிதானா என்று பார், இல்லையென்றால் அவரைச் சேர்க்காதே என்று ரவுட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். அது சேர்க்காத ஆள் அதன் காலடியிலேயே விழுவார். ஆனால் சொன்னதை ஏற்றுக்கொண்டு ரவுட்டர் ஆடி அசைந்து எழுந்து வருவதற்குள் இருபத்தாறு ஓடிப்போயிற்று. வீடுகளில் இருந்தவர்களெல்லாம் ஒரே ஆளாகிப் பொத்தென்று விழுந்தபோது வயது இருபத்துநாலு. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, ரவுட்டர் பக்கத்தில் காத்திருந்த சித்தியைப் பார்த்து, "யாரும்மா நீங்க? ரொம்ப நேரமா என்னையே பாக்கறீங்க" என்றார். ஒயர்க்காரி அழுதுவிட்டாள். ஓடிவந்த மகன், முப்பத்தைந்து வயதுக்காரன், அப்பாவை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றான்.

சித்தி அழவில்லை. "மறுபடியும் சுத்த விடு. நான் போறேன். அவருக்கு எத்தனை சுத்தோ எனக்கும் அத்தனை."

"அத்தனை சுத்தினா உங்களுக்கும் அவரைத் தெரியாது சித்தி. ஒரு சுத்து முன்னாடி நிறுத்தினா ஞாபகம் இருக்கும்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா அது ஏமாத்து வேலை. முன்னாடியும் தெரியாமதான இருந்தோம், தெரிஞ்சுக்கலயா?"

ஒயர்க்காரி தன் தப்பை மறுபடி ஒரு தடவை, இந்த முறை கவனமாகச் செய்தாள். அறுபத்தொரு வயதுச் சித்தி கேமரா முன் நின்று கையைத் தூக்கினார். இருபது சுற்று முடித்து, இருபத்தொரு வயதில் சித்தப்பாவின் காலை மிதித்துக்கொண்டு வந்து விழுந்தார்.

"கண்ணு தெரியலயா?" என்றார் அவர்.

"நடுவழில நின்னா இப்படித்தான்" என்றார் இவர்.

அதே குரல்கள், அதே சண்டை. ஒயர்க்காரிக்கு உயிர் வந்தது.

நடந்ததையெல்லாம் இருவரிடமும் சொன்னார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் நினைவில்லாத கல்யாணத்துக்குக் கட்டுப்பட முடியாது என்று தனித்தனி வீட்டில் இருந்தார்கள். ஆறே மாதம். பிறகு அவர்களாகவே வந்து சொல்ல, பெற்றவர்களின் கல்யாணத்தை முன்னின்று நடத்திவைக்கும் பாக்கியம் மகனுக்குக் கிடைத்தது. இரு வீட்டுக்கும் அவன்தான் பெரியவன். மூவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். தன்னைவிடப் பெரியவன் என்பதால் அம்மா அவனை "சார்" என்றுதான் கூப்பிட்டாள். அவனும் பொறுத்துக்கொண்டான். ஒரு மத்தியானம் வேலை முடிந்து நேரங்கழித்து வந்து செருப்பைக் கழற்றும்போது, சமையலறையிலிருந்து, "டேய், சாப்பிட்டியாடா?" என்று குரல் வந்தது.

"இல்லம்மா" என்றான். தட்டு வந்தது.