வேட்டியின் மறு முனை

கொடியில் உலர்ந்திருந்த வேட்டியை எடுக்க வைஜயந்தி கை நீட்டியபோது, நிலைப்படியில் நின்றிருந்த எம்பார் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பெண்டாட்டி புருஷனுடைய வேட்டியைத் தொடுவதில் என்ன அதிசயம் என்று யாருக்கும் தோன்றும். அந்த வீட்டில் அது நடந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவனுடைய துணிகளை அவனே தோய்ப்பான், அவனே ஒரு கோலால் கொடியில் உயர்த்திப் போடுவான், அவனே எடுப்பான். சாப்பாட்டுக்கு இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு அவள் விலகிப் போன பிறகுதான் வந்து உட்காருவான். இன்று அவள் வேட்டியை எடுத்து, மடியில் போட்டு, நிதானமாகத் தடவி மடித்து, ரெக்ஸின் பைக்குள் வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு துண்டுகள், திருமண் பெட்டி, ஒரு டம்ளர். ஒவ்வொன்றுக்கும் அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது.

பட்டணத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு கட்டில் கிடைத்திருந்தது. வைஜயந்தியின் சித்தப்பா பிள்ளை தேவராஜன் யார் யார் காலிலோ விழுந்து ஏற்பாடு செய்தது. அங்கேயே தங்க வேண்டும், இரண்டு மாதமாவது ஆகும், உறவுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்க்கலாம் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர்தான். யாரோ சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். பக்கத்துக் கட்டில்காரர் மேலே பட்டுவிட்டால் கழுவ ஓடக்கூடாது. இதற்கெல்லாம் சம்மதம் என்று எம்பார் தலையை ஆட்டினான். டாக்டர் விடவில்லை. வீட்டிலேயே ஒரு பரீட்சை வைத்தார். உன் பையை உன் மனைவி தன் கையால் அடுக்கட்டும், எதையும் திரும்ப நனைக்காமல் நீயே தூக்கிக்கொண்டு வா, அதுகூட முடியவில்லை என்றால் கட்டிலுக்குக் காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதை வியாதி என்று கண்டுபிடிக்கவே ஊருக்குப் பல காலம் பிடித்தது. வேறு ஊராயிருந்தால் அடுத்த மாதமே பிடிபட்டிருக்கும். திருவள்ளூரில், அதுவும் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவன், நாளைக்கு ஆறு தரம் குளித்தால் அதற்குப் பெயர் வியாதியா? ஆசாரம் என்றார்கள். எம்பார் மாதிரி மடி உண்டா என்று மற்ற வீட்டு ஆண்களைப் பெண்கள் குத்திக் காட்டினார்கள். முதலில் வைஜயந்திக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை. அவளே கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றினாள். கடைசியில் ஒரு நாள் அவன் அரிசியைக் களைந்தான், களைந்தான், பெருமாளுக்குத் தளிகையைப் படைத்துக் கண்டருளப்பண்ணும் வேளை தப்பியும் களைந்துகொண்டே இருந்தான். கொஞ்ச நாள் ஓய்வாக இருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, தோல் வெளுத்து, ரத்தம் கசிந்தது. அப்போதும் தயிர் கொண்டுவருகிற கங்கம்மா, "சாமி மாதிரி மடியா ஆரும்மா கீறாங்க இந்த ஊர்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வைஜயந்தி சிரித்து வைத்தாள். தயிரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அமாவாசைதோறும் கோயில் குளத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருவார்கள். வெல்லத்தைத் தண்ணீரில் போட்டு, அது கரைகிற மாதிரி வியாதியும் கரையட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். வைஜயந்தியும் எத்தனையோ வெல்லக்கட்டி போட்டுப் பார்த்துவிட்டாள். ஆனால் அவள் கண் தண்ணீரில் நிற்காது. படிக்கட்டில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஈரப் புடவையை ஆளுக்கொரு முனை பிடித்துக் காற்றில் உலர்த்துவார்கள். உலர்ந்ததும் இரண்டு பேரும் நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து மடிப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள்.

கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் அவர்களும் அப்படித்தான் வேட்டி மடித்தார்கள். முனைகளை அவள் கையில் கொடுக்கும்போது விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வான். விடுங்கோ, யாராவது வருவா என்பாள். விட மாட்டான். மடைப்பள்ளி நெய் வாசனை அடிக்கும் சூடான விரல்கள். நகை நட்டு, பட்டுப் புடவை எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த விரல்கள் வேண்டும். பக்கத்து அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவனுக்காக இப்படி ஏங்குவதை யாரிடம் சொல்ல முடியும்? வெளியூர் போனவனுக்காக ஏங்கினாலாவது நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள்.

பை அடுக்கிய அன்று சாயங்காலம் எம்பார் பையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்புறம் குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஒரே ஒரு தரம் தீர்த்தத்துல நனைச்சுப் பிழிஞ்சு வெச்சுடறேனே. டாக்டருக்குத் தெரியவா போறது?"

சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம். இத்தனை வருஷமும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நின்றது. "வேண்டாம். நான் தொட்டதாவே இருக்கட்டும்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடியற்காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. குளிக்கிறான் என்றுதான் நினைத்தாள். ஜட்கா வண்டி வந்ததும் அவன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். வைஜயந்திக்கு மனசு நிறைந்துபோயிற்று. வண்டியில் அவன் ஒரு ஓரத்தில் கம்பியைத் தொடாமல் ஒடுங்கி உட்கார்ந்தான். பை அவன் காலடியில், வண்டிக்குள் பரப்பியிருந்த புல்லின் மேல் இருந்தது. ரயிலடியில் வண்டிக்கார முனுசாமி குதித்து இறங்கி, உள்ளே பார்த்தான்.

"இன்னா சாமி, பை ஒழுவுது? புல்லெல்லாம் நனைஞ்சிக்கினு கீது."

ரெக்ஸின் தையல் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வைஜயந்தி வாடகையைக் கொடுத்தாள். பிளாட்பாரத்தின் கடைசியில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் பையைத் திறந்து பார்த்தாள். எல்லாம் நனைத்துப் பிழிந்து வைத்திருந்தது. திருமண் பெட்டியைக்கூட அலம்பியிருந்தான். அவளுக்குக் கோபம் வந்தது, கோபத்தோடு அழுகையும் வந்தது. திரும்பிப் போய்விடலாம். ஜட்கா இன்னும் அங்கேதான் நிற்கும். வீட்டுக்குப் போனால் அவன் குளிப்பான், ஊர் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், அவள் பரிமாறிவிட்டு விலகிப் போவாள், இப்படியே கிழவியாகிவிடுவாள்.

எம்பார் அவளைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னால முடியலை, வைஜு. தோத்துட்டேன். ஆனா என்னைத் திருப்பி அழைச்சுண்டு மட்டும் போயிடாதே."

வைஜு என்று கூப்பிட்டு எத்தனை காலம்! அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு வேட்டியை உருவி உதறினாள். இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் அவன் பக்கம் வீசினாள்.

"பிடியுங்கோ."

வயல்வெளியிலிருந்து காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. வேட்டி தரையை நெருங்கிவிட்டது. அவன் சட்டென்று குனிந்து பிடித்துக்கொண்டான். பிடித்த பிறகுதான் அவள் தொட்ட துணி என்பது உறைத்திருக்க வேண்டும். முகம் வெளிறிப் போயிற்று. அவனுக்குப் பின்னால் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பி அதைப் பார்த்தான். ஆனால் விடவில்லை. வேட்டி இருவருக்கும் நடுவே உப்பிப் படபடத்தது. காத்திருந்த ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அமாவாசைக்கு வந்துவிட்டுப் போகிற தம்பதி என்று நினைத்திருப்பார்கள்.

மணி அடித்தது. கைகாட்டி இறங்கியிருந்தது. வேட்டி முழுக்க உலரவில்லை, ஆனால் மடிக்கலாம். மடிக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் நெருங்கி வர வேண்டும்.

வைஜயந்தி நடந்தாள். அவள் நெருங்க நெருங்க வேட்டி நடுவில் தொய்ந்து அழுக்குப் பிளாட்பாரத்தைத் தொடப் போயிற்று. எம்பார் அதைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வேட்டி தரையில் பட்டுவிடாமல், வெடித்து வெளுத்த விரல்களில் முனைகளைப் பிடித்தபடி இரண்டு கைகளையும் உயர்த்தி, அவள் பக்கமாக நீட்டினான்.