முல்லா வீதியின் கம்பியில்லாத போன்

முல்லா வீதி அன்வருதீன் வீட்டு டெலிபோன் கம்பியே இல்லாமல் எட்டு வருஷம் வேலை செய்தது. கம்பி இழுத்துக் கொடுத்த வாரத்தில்தான் ஊமையானது.

அன்வருதீன் தையல்காரர். போன் இருந்தால் கல்யாண ஆர்டர்கள் குவியும் என்று யாரோ சொல்லிவிட, மனு போட்டுவிட்டுக் காத்திருந்தார். புதுச்சேரியில் அப்போது போனுக்கு மனு போட்டவர்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சமயம் கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்ப, அவருடைய சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கட்டில், பீரோ, கண்ணாடி எல்லாம் விலை போன பிறகு, இஸ்திரிப் பெட்டி கனத்தில் ஒரு கறுப்பு டெலிபோன் மட்டும் சீந்துவாரில்லாமல் கிடந்தது. "கருவி கைல இருந்தா லைன் தன்னால வரும் பாய். மாட்ட வாங்கிட்டுத்தான கொட்டா போடறாங்க?" என்றான் ஏலம் விட்டவன். நியாயமாகத்தான் பட்டது. அன்வருதீன் அதை ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தெருவே பார்த்தது. வால் மாதிரித் தொங்கிய ஒயரின் நுனியில் செப்புக் கம்பி பிதுங்கி நின்றது. அவருடைய மனைவி கனீஸ் பாத்திமா குழந்தையின் கையைக் கிழித்துவிடும் என்று அந்த நுனியைத் தையல் நூலால் சுற்றிக் கட்டி, போனை மூலை ஸ்டூலில் வைத்து, பூ வேலை செய்த துணியால் மூடினாள். லைன் வரவில்லை. எழுபத்தாறாம் வருஷக் கடைசியில் அன்வருதீன் குவைத்துக்கு வேலைக்குப் போனார்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊர் அல்லாடிக்கொண்டிருந்த வாரம், போன் அடித்தது. பாத்திமா அப்போது சங்கரா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் சைக்கிள் மணி என்று நினைத்தாள். மணி நிற்காததால் துணியை விலக்கிக் காதில் வைத்தாள். "கோவிந்தசாமி வூடுங்களா?" என்றது விழுப்புரத்திலிருந்து ஒரு குரல். "இல்லீங்க, அவுங்க நாலு வூடு தள்ளி. செத்த இருங்க, கூப்புட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பஞ்சாலைத் தொழிலாளி கோவிந்தசாமியைக் கையோடு அழைத்து வந்து போனைக் கொடுத்த பிறகுதான், நூல் கட்டிய அந்த ஒயர் நுனி அவள் கண்ணில் பட்டது. அதற்குள் கோவிந்தசாமி, "ஆம்பளப் புள்ளயா!" என்று கத்திவிட்டார். தாத்தாவான மனுஷனிடம் போய், இதில் கம்பி இல்லை என்று யார் சொல்வது? மீன் கருகிப்போனதுதான் பாத்திமாவுக்கு அன்றைக்குப் பெரிய வருத்தம்.

அன்றிலிருந்து அது தெருவின் போனாக ஆனது. அதற்கு அழைப்பு வரும், அதிலிருந்து யாரையும் அழைக்க முடியாது. எண்களைச் சுற்றினால் கிர்ரென்று திரும்பி வந்து நிற்கும், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களிடம் எந்த நம்பரைச் சுற்றினீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாதி எண்ணைச் சுற்றும்போதே கிடைத்துவிட்டது என்றவர்களும் உண்டு. கல்யாணப் பத்திரிகைகளில் "போன்: பாத்திமா வீடு" என்று மட்டும் அச்சடித்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது. பில் வராத போன் என்பதால் யாரும் சுருக்கமாகப் பேசவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கும் இராமதாஸ், "அல்லோ! அல்லோ!" என்று போடும் சத்தத்துக்குப் பாரீசிலிருக்கும் அவர் மகனுக்குப் போனே தேவையில்லை என்று தெருவில் சொல்வார்கள். பாத்திமா குளிக்கப் போனால் அடிக்கும், மாவாட்ட உட்கார்ந்தால் அடிக்கும். ஒரு கையில் மாவோடு, மறு கையால் தலைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் முல்லா வீதியில் மேலும் கீழும் ஓடினாள். "எக்கா, எனக்கு எதுனா போன் வந்துச்சா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் தபால்காரரைக் கேட்பதுபோல் கேட்டார்கள். வந்த போனுக்கு ஆளைக் கூப்பிடத் தாமதமானால் கோபித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். நன்றி சொன்னவர்கள் குறைவு. ஆனால் அவளிடம் ஒரு நாகரிகம் இருந்தது. யாராவது போனில் குரலைத் தாழ்த்தினால், உடனே அடுப்பங்கரைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கடகடவென்று உருட்டுவாள். எதிர்வீட்டு மணியம்மாளின் மகள் காதல் பண்ணிய காலத்தில் பாத்திமா வீட்டு அலுமினியக் குண்டான்கள் எல்லாம் நசுங்கிப்போயின.

அவளுக்கென்று ஒரே போன்தான் வரும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து, குவைத்திலிருந்து. அந்த நேரத்தில் தன் அழைப்புக்காகக் காத்துக்கொண்டு யாராவது ஒருவர் கூடத்தில் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் பாத்திரம் உருட்டத் தோன்றியதில்லை. அதனால் அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், அவள் தண்ணீர் குழாயைப் பற்றிச் சொல்வாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போகிறவரிடம் சொல்ல நினைத்ததை அவள் ஒவ்வொரு தடவையும் சொல்லாமலே போனை வைத்தாள். மகள் கரீமா வேறு, சின்ன வயதில் அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான் அத்தா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பெருநாளைக்கு அதற்கு அத்தர் தடவிவிட்டாள். லீவில் வந்த நிஜ அத்தாவைப் பார்த்து, "இவுரு யாரும்மா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பாத்திமாவும் சிரித்தாள், பிறகு அடுப்பங்கரைக்குள் போய் அழுதாள்.

எண்பத்தைந்தில், மூன்றாவது ஒப்பந்தம் முடிகிற சமயத்தில், அன்வருதீன் முதல் தடவையாகத் தன் மனைவியை ஒரு கேள்வி கேட்டார். "வரவா, இல்ல இன்னொரு மூணு வருஷம் கையெழுத்துப் போடட்டா? நீ சொல்றதுதான். யோசிச்சு வை, வர்ற வெள்ளிக்கிழம பேசறேன். சனிக்கிழம மொதலாளி கேப்பாரு." பின்னால் மணியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்ததால் பாத்திமா, "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

இடையில் செவ்வாய்க்கிழமை லைன் வந்துவிட்டது. பழைய மனு எப்படியோ வரிசையின் முனைக்கு வந்து சேர்ந்திருந்தது. லைன்மேன் ராஜாங்கம் ஏணியும் கம்பிச் சுருளுமாக வந்து, தெருமுனைக் கம்பத்திலிருந்து ஒயர் இழுத்து, பச்சை நிறத்தில் ஒரு புதுப் போனை வைத்தார். கறுப்புப் போனைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். "அதுவும் இருக்கட்டும்" என்றாள் பாத்திமா. தெருவுக்கே சர்பத் கொடுத்தார்கள். இனிமேல் நாமும் பேசலாம் என்று இராமதாஸ் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த நிமிஷத்திலிருந்து கறுப்புப் போன் ஒரு சத்தமும் போடவில்லை. ரோஷம் என்றுதான் தெருவில் சொன்னார்கள். பச்சைப் போனோ, ஐஸ் பாக்டரிக்குப் போகவேண்டிய அழைப்புகளை எல்லாம் வாங்கிக் கொடுத்தது. விடிந்ததும் கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒருவர், "பத்துப் பார் அனுப்புங்க, மீனு நாறுது" என்று கத்தினார். ஐஸ் இல்லை, இது வீடு என்று சொன்னால், ஐஸ் இல்லாமல் எதற்குக் கம்பெனி வைத்திருக்கிறாய் என்று திட்டினார். நடுநடுவே யாரோ இரண்டு பேர் நெல் விலை பேசினார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. அதோடு பச்சைப் போன் செத்தது.

வியாழக்கிழமை பாத்திமா டெலிபோன் ஆபீசுக்குப் போனாள். போன் டெட் என்றாள்; எழுதிக்கொண்டார்கள். அப்படியானால் கம்பியையாவது பிடுங்கிவிடுங்கள், கம்பி இல்லாமல் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது என்றாள். கவுண்டரிலிருந்த சுப்பிரமணியன் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை நிதானமாகப் பார்த்தார். "லைன் குடுக்கத்தாம்மா வரிசையில நிக்கறாங்க. எடுக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான். ஆபீசர் லீவு, திங்கக்கிழம வாங்க" என்றார். கடிதம் போய்ச் சேரப் பத்து நாளாகும். தந்தி கொடுக்கலாம்; ஆனால் "வந்துடுங்க" என்று தந்தி போனால் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்றுதான் அந்த மனுஷர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். போதாததற்கு, கட்டிய கணவனிடமே எட்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தையைத் தந்தி குமாஸ்தாவிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குப் பதில் போகாவிட்டால் அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார், கையெழுத்துப் போட்டுவிடுவார், இன்னும் மூன்று வருஷம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஆண்கள் வீடு திரும்பினார்கள். இரண்டு போன்களும் இரண்டு உம்மணாமூஞ்சிகளாக உட்கார்ந்திருந்தன. பாத்திமா எழுந்துபோய் வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து வந்து, ஜன்னல் வழியாக உள்ளே வந்த அரசாங்க ஒயரை நறுக்கென்று வெட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த மணியம்மாள், "எக்கா, போலீசு புடிச்சிக்குமே!" என்று வாயில் கை வைத்தாள். புடிக்கட்டும் என்றாள் பாத்திமா. கறுப்புப் போனைத் துடைத்தாள், அதனிடம் கொஞ்சம் கெஞ்சினாள், கொஞ்சம் திட்டினாள். அது அசையவில்லை. வீட்டுக்குள் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கவே, மணியம்மாளை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தாள்.

அவள் மீன் வரிசையை எட்டியிருப்பாள், இங்கே போன் அடித்தது. மணியம்மாள் அதுவரை எத்தனையோ தடவை அதில் பேசியிருக்கிறாளே தவிர, ஒருமுறைகூட எடுத்ததில்லை. "அண்ணே, செத்த இருங்க, வச்சிடாதீங்க, கூப்புட்டு வரேன்!" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். மூச்சு வாங்கி அவள் நின்ற இடத்திலிருந்து கோவிந்தசாமி ஓடினார். அவர் நின்ற இடத்திலிருந்து தகவல் கடைக்குக் கடை தாவியது. வளையல் கடையும் பழக்கடையும் பூக்கடையும் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்தன. யாருக்கு என்று தெரியாதவர்களும் சொன்னார்கள். கடைசியில் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்து மீன் விற்கும் கன்னியம்மாள், கத்தியை நிறுத்தி, "இங்க யாரும்மா போனு வச்சிருக்கற பாத்திமா? ஒனக்குப் போனு வந்திருக்காம்!" என்றாள். பாத்திமா கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். எட்டு வருஷம் மற்றவர்களுக்காக ஓடிய ஓட்டங்களில் இதில் பாதி வேகம்கூட இருந்ததில்லை. வழியில் ஒரு செருப்பு போனது. குவைத்தில் அன்வருதீன் காதிலிருந்து போனை எடுக்காமல் நின்றிருந்தார். அங்கே காசு போட்டுப் பேசும் போன் பெட்டி அன்றைக்கு மேற்கொண்டு காசு கேட்கவில்லை என்றும், அவருக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை என்றும் பிறகு சொன்னார்.

அவள் வந்து சேர்ந்தபோது கூடம் நிரம்பியிருந்தது. இராமதாஸ் முதற்கொண்டு தெரு முழுக்க உள்ளே நின்றது. பாத்திமா போனைக் காதில் வைத்தாள், மூச்சு வாங்கினாள், எல்லார் முகத்தையும் பார்த்தாள். "என்ன பாத்திமா, தண்ணி வருதா?" என்றார் அவர், வழக்கம்போல. அப்போது அடுப்பங்கரையில் கடகடவென்று சத்தம் கேட்டது. மணியம்மாள் உள்ளே போய்க் குண்டான்களை உருட்டிக்கொண்டிருந்தாள். கோவிந்தசாமி ஒரு தாம்பாளத்தை எடுத்துத் தட்டினார். இராமதாஸ் கைத்தடியால் இரும்புப் பெட்டியை அடித்தார். ஆளுக்கு ஒன்றாகக் கையில் கிடைத்ததை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தெருவே சத்தம் போட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே கனீஸ் பாத்திமா, "வந்துடுங்க. இனிமே என்னால முடியாது. வந்துடுங்க" என்றாள். சொன்ன பிறகு வாய்விட்டு அழுதாள். ஒருவர் காதிலும் விழவில்லை என்று அன்றைக்கு அங்கிருந்த எல்லோரும் இன்றுவரை சொல்கிறார்கள்.

திங்கட்கிழமை ராஜாங்கம் ரிப்பேருக்கு வந்தார். வெட்டிய ஒயரைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கறுப்புப் போன் அடித்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அவரே எடுத்தார். அவருடைய ஆபீசிலிருந்து, அந்த வீட்டுக் கம்ப்ளெயிண்ட் என்னவாயிற்று என்று கேட்டார்கள். ராஜாங்கம் நூல் கட்டிய நுனியையும் வெட்டிய நுனியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரியாயிடுச்சு சார்" என்றார். பச்சைப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஏணியைத் தோளில் சாய்த்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்வருதீன் மாதக் கடைசியில் வந்து, வாசல் அறையில் தையல் மெஷினைப் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பாத்திமா பதறி எழுந்து இரண்டடி ஓடிய பிறகுதான், குவைத்திலிருந்து அழைக்கவேண்டிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது உறைத்தது. அது கோவிந்தசாமிக்கு வந்த போன். "நீ சாப்புடு, நான் போறேன்" என்று அன்வருதீன் கையைக் கழுவிவிட்டுத் தெருவில் இறங்கினார்.